என்எஃப்எஸ்ஸில் ஒரே குக்கிக்கு இரண்டு கோப்பு: எந்த வைத்தியம் எடுபடும்?

ஒரு லட்சம் மெயில் கிடக்கும் டைரக்டரிக்குள் என்எஃப்எஸ் (வேறு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியாகத் திறக்கும் முறை) வழியாகப் போய், பட்டியல் கேட்டு எல்எஸ் அடிக்கிறீர்கள். ‘டூ மெனி லெவல்ஸ் ஆஃப் சிம்பாலிக் லிங்க்ஸ்’ என்கிறது. உள்ளே ஒரு சிம்லிங்க்கூட (வேறு கோப்பைக் காட்டும் சுட்டி) கிடையாது. விஷயம் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) லாகில் இருக்கும்: ரீட்டிர் லூப் (பட்டியலில் படித்த இடத்துக்கே திரும்பி வரும் சுற்று), இன்ன கோப்புக்கு டூப்ளிகேட் குக்கி.

பெரிய டைரக்டரியை சர்வர் தவணை தவணையாகத்தான் அனுப்பும். எதுவரை படித்தோம் என்பதற்கு அடையாளம் அந்தக் குக்கி. லினக்ஸின் கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4 முன்பு பெயரின் 31 பிட் ஹாஷையே (பெயரிலிருந்து கணக்கிட்ட எண்) குக்கியாகக் கொடுத்தது. 55,000 கோப்பு சேர்ந்தாலே எவையோ இரண்டின் ஹாஷ் ஒன்றாகி மோத பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு லட்சத்தில் 90 சதவீதம். ஆனாலும் மோதிய ஜோடி தவணை முடியும் இடத்தில் வந்து நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. ‘நேற்றுவரை ஓடியதே’ என்ற புலம்பல் அதனால்தான்.

பலரும் முதலில் சொல்வது, ட்யூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் டிர்_இண்டெக்ஸை (ஹாஷ் வைத்துப் பெயரைத் தேடும் அட்டவணை) அணைப்பது. அப்போது டைரக்டரிக்குள் பெயர் இருக்கும் இடமே குக்கியாகிவிடும். ஒரே இடத்தில் இரண்டு பெயர் உட்கார முடியாது. மோதல் தீர்ந்தது, சரி. ஆனால் இனி ஒவ்வொரு பெயரையும் தலையிலிருந்து வரிசையாகத் தேட வேண்டும், அதுவும் லட்சம் பெயருக்குள்! எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

என் ஓட்டு சர்வரின் கர்னலைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவதற்கு. 2012-இல் வந்த லினக்ஸ் 3.4 முதல் என்எஃப்எஸ் பதிப்பு 3-க்கும் அதற்கு மேலும் 63 பிட் ஹாஷ் போகிறது. பத்து லட்சம் கோப்பிலும் மோதும் வாய்ப்பு கோடியில் ஒன்றுகூட இல்லை. பதிப்பு 2-இன் குக்கியில் 32 பிட்டுக்கு மேல் இடமில்லை என்பதால் அதற்குப் பழைய கதைதான். இதே மாற்றம், பல சர்வர்களின் வட்டுகளை ஒன்றாகக் காட்டும் கிளஸ்டர்எஃப்எஸ்ஸைப் படுத்தியது தனிக் கூத்து: குக்கியின் மேல் பிட்டுகள் காலி என்று நம்பி அங்கே தன் குறிப்பை வைத்திருந்தது.

புதிதாக வட்டு போடுகிறவர் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு கோப்பு முறையின் பக்கம் போகலாம். அதுவும் தேடலுக்கு ஹாஷ் வைத்திருக்கிறது, ஆனால் குக்கியாகக் கொடுப்பது பெயர் இருக்கும் இடத்தைத்தான்.

கர்னலில் கைவைக்க முடியாதா? நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் செய்வதுபோல 256 துணை டைரக்டரிகளாகப் பிரியுங்கள், ஒன்றுக்கு 390 கோப்புதான் வரும். நிரலைத் திருத்துவதுதான் வேலை. அதுவரை, லாகில் வந்த கோப்புக்கு சர்வரிலேயே வேறு பெயர் வையுங்கள். ஹாஷ் மாறிவிடும், அன்று ராத்திரி தூங்கலாம்.