கண்டு போட்ட மாடு எழும்பேல்ல, ராவோட ராவா வந்து பாத்த டொக்டர்

எங்கட வீடு தம்பலகாமத்தில. ஜேர்சி கிராஸ் மாடு, மூண்டாம் ஈத்து, நல்ல நாகு கண்டு. இளங்கொடியும் ஒழுங்கா விழுந்துட்டு, கடும்புப் பால் கறந்து கண்டுக்குப் பருக்கிட்டு நிம்மதியா இருந்தம். அடுத்த நாள் பொழுதுபட பாத்தா மாடு படுத்தது படுத்தபடி, கழுத்த விலாப் பக்கம் மடக்கி வச்சிருக்கு, காதைத் தொட்டா சில்லெண்டு கிடக்கு. பக்கத்து வீட்டு மாமா நல்லெண்ணெய் பருக்குவம் எண்டு போத்தலோட வந்திட்டார், அதுக்குள்ள நான் வீட்டுக்கே வந்து மாடு பாக்கிற இந்த டொக்டர் ஆக்களுக்குக் கோல் எடுத்திட்டன். மூண்டாவது கோலுக்குத் தான் எடுத்தாங்க, அது ஒரு குறை தான், அந்த நேரத்தில எங்களுக்கு உயிர் போய் வந்தது.

எடுத்த உடன டொக்டர் சொன்னது "வாயில ஒண்டும் ஊத்தாதீங்க, அதால விழுங்க ஏலாது, சுவாசப்பைக்க போயிரும், பக்கவாட்டில சாயாம வைக்கல் மூட்டைய அண்டக் குடுங்க".

வந்து சூடு பாத்தார், காய்ச்சலே இல்ல. பேர் தான் பால் காய்ச்சலாம், கண்டு போட்ட உடன ரத்தத்தில இருக்கிற கல்சியம் பாலுக்கு இறங்கிறதால உடம்பு குளிர்ந்து விழுகிறது. கழுத்து நரம்பில கல்சியம் போத்தல் ஏத்தேக்க ஸ்டெதஸ்கோப்ப நெஞ்சில இருந்து எடுக்கவே இல்ல. டோர்ச் பிடிச்சுக் கொண்டு நிண்ட நான் "கொஞ்சம் வேகமா விடேலாதா டொக்டர்" எண்டு கேட்டன், "வேகமா விட்டா இதயம் நிண்டிரும் தம்பி" எண்டார். முந்தி ஒருக்கா வேற ஒராள் அவசரப்பட்டு ஏத்தி எங்கட மாடு ஊசியோடயே செத்தது, ஏன் எண்டு அண்டைக்குத் தான் விளங்கினது. அரைப் போத்தல் போக முதல் மாட்டின்ர தசையெல்லாம் நடுங்கினது, நான் பயந்திட்டன், "வேலை செய்யுது" எண்டார். மூக்கு நுனி ஈரமாகி, ஏப்பம் விட்டு, சாணி போட்டு, கொஞ்ச நேரத்தில எழும்பிக் கண்டைப் பாத்துக் கத்தினது.

முதல் ரெண்டு நாளைக்கு மடிய ஒட்டக் கறக்க வேணாம், கண்டுக்குக் காணுமானதை மட்டும் எடுங்க, திரும்பவும் விழலாம் எண்டு சொல்லிட்டுத் தான் போனவர். சொன்ன மாதிரியே அடுத்த நாள் மத்தியானம் தள்ளாடினது, வந்து இன்னொரு போத்தல் ஏத்தினார், அதுக்கு மருந்துக் காசு மட்டும் தான் எடுத்தவர். நாங்க கடைசி மாசம் கல்சியம் பவுடர் அள்ளி அள்ளிக் குடுத்தது பிழையாம், அப்பிடிக் குடுத்தா எலும்பில இருந்து கல்சியம் எடுக்கிற பழக்கம் உடம்புக்கு விட்டுப் போயிருமாம், இதை இவ்வளவு நாளும் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்ல.

காசு எவ்வளவு எண்டு போன்லயே சொன்னா நல்லம். மற்றபடி கண்ண மூடிக் கொண்டு கூப்பிடலாம். மாடு இண்டைக்கு விடியவே தவிட்டு வாளியத் தள்ளித் தள்ளித் தின்னுது.