மாமாவின் கண்ணும் காதோர நெறியும்: பினாங்கு மருத்துவமனை அனுபவம்

தீபாவளிக்காக மெல்பர்னிலிருந்து பட்டர்வொர்த் வந்தவனுக்கு விடுமுறையில் பாதி மருத்துவமனையிலேயே போய்விட்டது. மாமாவின் கண் வெள்ளையில் கறுப்பாக ஒரு சதை. முன்பு ஒரு தனியார் கிளினிக்கில், வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற சதை வளர்ச்சிதான் என்று சொல்லி வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டியதைச் சோதனைக்கே அனுப்பவில்லை! எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுபடி வளர்ந்து, ஜோர்ஜ்டவுனில் ஒரு பெரிய மருத்துவமனையில் எடுத்தபோதுதான் அது மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய் என்று தெரிந்தது.

தடிமன் 2 மில்லிமீட்டருக்கு மேல் என்று ரிப்போர்ட் வந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் நெறி பயாப்சி பற்றிப் பேசினார்; அதாவது நிணநீர்க் கணுவை எடுத்து, புற்று பரவியிருக்கிறதா என்று சோதிப்பது. கண்ணுக்குள்ளே வரும் மெலனோமா ரத்தம் வழியாகப் பரவி, பெரும்பாலும் கல்லீரலில் போய் உட்காரும். மாமாவுக்கு வந்ததுபோல் கண்ணின் மேற்பரப்பில் வருவதோ நிணநீர் வழியாகவும் கிளம்பும். காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழேயோ உள்ள நெறிகள்தான் அதற்கு முதல் நிறுத்தம். ஸ்கேனில் நெறி வீங்கித் தெரியாவிட்டாலும் உள்ளே சில செல்கள் ஒளிந்திருக்கலாமாம்.

கண்ணை மரத்துப்போக வைத்து, கட்டி இருந்த இடத்தருகே டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அது எந்த நெறிக்கு முதலில் போகிறது என்று கேமராவில் பார்த்து, காதோரம் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்கள். "அங்கிள், தொட்டு அழிச்சிடாதீங்க" என்று நர்ஸ் அதட்டினார். பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடலாமா என்று மாமிக்குக் கவலை. அளவு மிகக் குறைவு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகிவிடும் என்று அந்த நர்ஸே பொறுமையாகச் சொன்னார்.

ஆபரேஷனில், அந்தக் கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் காமா கருவி எங்கே அதிகம் ஒலிக்கிறதோ அந்த நெறியை மட்டும் எடுத்தார்கள். முக நரம்பு அந்தப் பக்கமாகவே ஓடுவதால் வாய் கோணுமோ என்று பயந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

நெறியில் புற்று இல்லை. ஆனாலும் இந்தச் சோதனை சில சமயம் தவறவிடும் என்பதால் கழுத்து ஸ்கேனுக்குத் தொடர்ந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வேலை சுத்தம், கவனிப்பும் நன்று. ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்ததுதான் இழுவை. உங்கள் வீட்டில் யாருக்காவது கண்ணில் சதை எடுத்தால், அது சோதனைக்குப் போனதா என்று அன்றைக்கே கேளுங்கள். ரிப்போர்ட் நகலையும் வாங்கி வையுங்கள். அப்புறம், காரை வீட்டிலேயே விட்டுவிட்டு கிராப் டாக்சி பிடித்துப் போங்கள். பார்க்கிங் கொடுமை.