மீட்டர்ல சரியாத்தான இருக்கு!

கடைக்காரத் தம்பி சொன்ன நேரத்துக்கு வந்தார், அதைச் சொல்லிவிட வேண்டும். டொராண்டோவில் இந்த வேலைக்கு ஆள் கூப்பிட்டால் மணிக்கு இவ்வளவு என்று பில் வரும். நாமே யூடியூப் பார்த்துத் தட்டுத்தடுமாறிச் செய்துகொள்வோம். பாளையங்கோட்டையில் அப்பாவுக்கு வாங்கிய 5.1 ஹோம் தியேட்டரை வீடு தேடி வந்து மாட்டினார்கள், அதுவும் இலவசமாக. பூரித்துப்போனேன், ஸ்பீக்கர்களின் சத்தத்தைச் சமமாக்க லெவல் வைக்கும் வரை.

ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவரோடு, லெவல் அளக்க வந்த மைக்கைச் சோபாவில் வைத்ததும், அறையில் இரைச்சல் அதிகம் என்று டிவியில் எச்சரிக்கை வந்தது. ஃபேன்தான். சித்திரை வெயிலில் நிறுத்த அம்மா விடுவாளா? "விடுங்க அண்ணாச்சி" என்று தம்பி செல்போனில் சத்தம் அளக்கும் ஏதோ ஆப்பைத் திறந்தார். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சோதனை இரைச்சலை ஓடவிட்டு 75 டெசிபலுக்குக் கொண்டுவந்தார். அடிநாதத்துக்கென்று இருக்கும் பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர் மட்டும் 75-ஐத் தொடவில்லை. ஏற்றினார், ஏற்றினார், ஷோகேஸில் எவர்சில்வர் டம்ளர்கள் ஆடத் தொடங்கின. "மீட்டர்ல சரியாத்தான இருக்கு!" அன்று இரவு செய்தி வாசித்தவர் குடத்துக்குள்ளிருந்து பேசினார்.

கோயில் கொடைகளுக்குக் குழாய் கட்டிய மைக் செட்காரரை அப்பா கூப்பிட்டுவிட்டார். எனக்கு நம்பிக்கையே இல்லை. வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஏ-யா, சி-யா?"

ஆப் 'ஏ' அளவில் இருந்திருக்கிறது. தாழ்ந்த சுருதியில் வரும் ஒலி நம் காதுக்கு மந்தமாகக் கேட்பதை ஒட்டி வகுத்த கணக்கு அது. சப்வூஃபர் எழுப்பும் 50 ஹெர்ட்ஸ் போன்ற அடிநாதத்தில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிடும். 'சி' அளவில் கழிவு ஒன்றே கால்தான். போதாக்குறைக்குப் பேச்சுக்கென்று வைத்த போன் மைக். சப்வூஃபர் போதாது என்றுதான் அது காட்டும்.

பெரியவர் பையிலிருந்து மீட்டரை எடுத்து, 'சி' அளவிலும், முள் துள்ளாமல் நிதானமாகக் காட்டும் 'ஸ்லோ'விலும் வைத்து, உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் பிடித்தார். "மதினி, அஞ்சு நிமிசம் பொறுங்க" என்று ஃபேனை அணைத்தார். நான் கெஞ்சியும் அசையாத அம்மா, அவருக்கு மோர் கொண்டுவந்தாள்! எல்லாம் 75-க்கு வந்த பிறகு, வசனத்துக்காக நடு ஸ்பீக்கரை மட்டும் ஒரு பொட்டு கூட்டினார். அவர் வாங்கிய கூலி டொராண்டோவில் கார் நிறுத்தக்கூடக் காணாது.

கடையிலிருந்து ஐந்து நட்சத்திரம் கேட்டு இன்னும் போன் வருகிறது. நேரத்துக்கு வந்ததற்காக இரண்டு போடலாம் என்கிறேன். அப்பா நாலு போடச் சொல்கிறார், தங்கமான பிள்ளையாம்.