9 வருடக் கால்குலேட்டரும் அதன் மைனஸ் பொத்தானும்

கால்குலேட்டர் வாங்கலாமா, போனே போதுமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். அப்போதுதான் என் 12 இலக்கக் கால்குலேட்டரின் மைனஸ் பொத்தானைச் சரிசெய்து முடித்திருந்தேன். 9 வருடமாக என் மேசையில் இருப்பது அது.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கையில் 1000 காகிதத் தாள், 24 பேருக்கு ஆளுக்கு 35 தாள். மீதி எவ்வளவு? 1000 − 24 × 35 என்று தட்டினால் 34160 என்று காட்டும். இருந்ததே 1000 தாள்தானே! போனில் அதையே தட்டினால் 160 என்று சரியாக வரும். பெருக்கலை முடித்த பிறகே கழிக்க வேண்டும் என்பது போனுக்குத் தெரியும். மேசைக் கால்குலேட்டர் முன்னால் வந்ததை உடனே முடித்துவிடும். 1000இல் 24 போய் 976, அதை 35ஆல் பெருக்கிவிடுகிறது. இது கோளாறு இல்லை, அமைப்பே அப்படி.

34160 வந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். 30 மீட்டர் துணியில் 20 பேருக்கு ஆளுக்கு 1.25 மீட்டர் வெட்டினால் மீதி 5 மீட்டர். என் கால்குலேட்டர் 12.5 என்று காட்டும். நம்பும்படி இருக்கிறது, அதுதான் ஆபத்து. நானும் ஒருமுறை அப்படி நம்பி, துணி பற்றாமல் நின்றிருக்கிறேன்.

அப்புறம் இரண்டு மாதம் முன்பு மைனஸ் பொத்தான் வேலை செய்வதை நிறுத்தியது. வேறு வழியில்லாமல், அதுவரை தொடாத எம் மைனஸ் (M−) பொத்தானுக்குப் போனேன். 1000 தட்டி எம் பிளஸ் (M+), அது எண்ணைக் கால்குலேட்டரின் நினைவில் சேர்க்கும். 24 × 35 தட்டி எம் மைனஸ். 840 நினைவிலிருந்து கழிந்துவிடும். இன்னும் 12 பேருக்கு ஆளுக்கு 8 என்றால் 12 × 8, மறுபடி எம் மைனஸ். கடைசியில், நினைவில் இருப்பதைக் காட்டும் எம்.ஆர்.சி. (MRC) பொத்தானை அழுத்தினால் 64. ஒவ்வொரு பெருக்கலும் தனியாக முடிந்து கழிவதால் வரிசை குழம்பவே இல்லை. எத்தனை பட்டியல் வந்தாலும் பேப்பரில் எதையும் குறிக்க வேண்டாம். இவ்வளவு நல்ல வசதியை 8 வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டேனே என்று நிஜமாகவே வருந்தினேன். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: திரை ஓரத்தில் எம் என்ற எழுத்து நின்றால் பழைய கணக்கு உள்ளே இருக்கிறது. எம்.ஆர்.சி.யை இரண்டு முறை அழுத்தி அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

பழுது பெரிதில்லை. பின்பக்கத்தைக் கழற்றி, ரப்பர் பொத்தானின் அடியிலும் பலகையிலும் படிந்த அழுக்கைப் பஞ்சால் துடைத்தேன். மைனஸ் திரும்பி வந்தது. பழக்கமும் திரும்பியது, மறுநாளே ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டேன்.

பேட்டரி, சூரிய ஒளித்தகடு, பொத்தானின் அழுத்தம் எதிலும் குறையில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில், இந்த வகை வேண்டாம் என்பதுதான். அறிவியல் கால்குலேட்டர் வாங்குங்கள், பெருக்கலை அது முதலில் செய்யும். என்னுடையது இங்கேயே இருக்கட்டும். இன்று காலை இருப்புக் கணக்கையும் அதில்தான் போட்டேன், எம் மைனஸில்.