1,450 வெள்ளிக்கு ஒரு ‘விக்டோரியா காலத்து’ மடக்குக்கத்தி: பழம்பொருள் சேகரிப்பவர்களே, கவனம்

ஆயிரத்து நானூற்று ஐம்பது மலேசிய வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. ஆறப்போட்டு எழுதினால் மரியாதையாக எழுதித் தொலைப்பேன் என்பதால் சூட்டோடு எழுதுகிறேன்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கும் பழம்பொருள் கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை, புகார் கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். வெற்றிலைச் செல்லம், பித்தளைக் குத்துவிளக்கு, ஓடாத சுவர்க்கடிகாரம் என்று கூரைவரை அடுக்கிவைத்திருப்பார்கள். நடத்துபவர் நம்மவர். அதுதான் கூடுதலாக எரிகிறது.

மடக்குக்கத்தி சேகரிப்பவர்கள் நம்மிடையே குறைவு. அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் சொல்வது பொத்தானை அழுத்தினால் பாய்ந்து வரும் கத்தி அல்ல. அலகைத் திறந்த நிலையில் பூட்டிவைக்கும் கொக்கியும் இதில் கிடையாது. முதுகுப் பக்கம் ஓர் எஃகு வில் இருக்கும். அதன் இறுக்கம் ஒன்றுதான் அலகைத் திறந்தும் மடித்தும் நிறுத்துகிறது. நகத்தை அலகில் உள்ள பள்ளத்தில் கொடுத்து இழுத்தால், முழுதாகத் திறக்கும் இடத்தில் ‘டக்’ என்று விழும். அந்தச் சத்தத்துக்கு ஏங்கும் பைத்தியக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அடியேனும் அதில் ஒருவன்.

அலகு எத்தனை, அது எந்த முனையிலிருந்து விரிகிறது, பிடி எப்படி வளைகிறது என்பதை வைத்து ஒவ்வொரு வகைக்கும் பெயர் உண்டு. பிடியின் தலைப்பக்கத்து உலோக முகப்பு மட்டும் வழக்கத்தைவிட நீளமாக இருந்தால் அது பார்லோ. மாட்டுப்பண்ணை வேலைக்கான மூன்று அலகு கொண்டது ஸ்டாக்மேன்; அதில் மொண்ணை முனையுள்ள அலகு காயடிப்பதற்கென்றே வந்தது. எல்லா அலகும் ஒரே முனையிலிருந்து விரிந்தால் ஜாக். காலத்தைக் கண்டுபிடிப்பது இன்னொரு சுவை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்யப்படும் கேஸ் நிறுவனக் கத்திகளில் 1970-ஆம் ஆண்டு முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். எண்ணத் தெரிந்தால் போதும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளில் அந்த வசதி இல்லை. முத்திரை, அரசகுடும்ப எழுத்து, எஃகின் வகை, பிடியின் பொருள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏமாற்றுக்காரர்களுக்கு இடம் கிடைப்பதும் அங்கேதான்.

பினாங்கு போகும்போதெல்லாம் லோரோங் கூலிட் காலைச் சந்தையைச் சுற்றிவிட்டு இந்தக் கடையிலும் தலைகாட்டுவது என் வழக்கம். முன்பு அங்கே ஒரு சிறிய பார்லோ வாங்கினேன். சொன்னபடியே இருந்தது, விலையும் நியாயம். தூண்டிலில் கோத்த புழு அது என்று இப்போது தெரிகிறது.

பிறகு ஒருநாள் நான் கோலாலம்பூர் செந்தூலில் வீட்டில் இருக்கும்போது அந்தக் கடைக்காரரிடமிருந்து கைப்பேசிக்குப் படம் வந்தது. ஷெஃபீல்டு ஜாக், ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவன முத்திரை, நட்சத்திரமும் மால்டா சிலுவையும் தெளிவாகத் தெரிகின்றன. பக்கத்தில் விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் வி, ஆர் எழுத்துகள், நடுவில் கிரீடம். பெரிய அலகு ஒன்று, சிறிய அலகு ஒன்று, கடமான் கொம்புப் பிடி. “அண்ணே, இது விற்பனைக்கு வந்த பொருள் அல்ல, எங்கள் வீட்டுப் பொருள்” என்று ஆரம்பித்தார். அவருடைய தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (கணக்கெழுதுபவராக) இருந்தாராம். துரை கப்பலேறும்போது தன் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாம். “தாத்தா இதில்தான் பென்சில் சீவுவார். யாருக்கோ கொடுக்க மனம் வரவில்லை, அருமை தெரிந்தவர் கையில் போகட்டும்.” என் அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான். துரை, கிராணி, இழுப்பறை என்று ஒருவர் பேசினால் நம் வீட்டுக் கதையைக் கேட்பது போலத்தான் இருக்கும். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

மறுபக்கத்தின் படம் கேட்டேன். மஞ்சள் விளக்கடியில் மங்கலாக ஒன்று வந்தது. இன்னும் தெளிவாகக் கேட்டதற்குப் படத்துக்குப் பதில் குரல்பதிவு ஒன்றை அனுப்பினார். பேச்சே இல்லை. அலகு திறக்கும் சத்தம் மட்டும். டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக். பினாங்கிலிருந்து ஒரு மனிதன் எனக்கு வில்லின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புகிறான் என்றால் அவன் என் இனம் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது? 1,450 வெள்ளியை அன்று மாலையே வங்கிக் கணக்கில் போட்டேன்.

கூரியரில் வந்தது. எண்ணெயில் குளித்து, பழுப்புத் தாளில் சுற்றி, ரசீதுடன். ரசீதில் “விக்டோரியா காலம், மாற்றம் எதுவும் செய்யப்படாதது” என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். நல்லவேளை.

எண்ணெயைத் துடைத்தேன். துணியில் காப்பி நிறத்தில் சாயம் இறங்கியது. நூறாண்டுக் கருமை இப்படித் துணியில் ஒட்டாது; அது எஃகோடு எஃகாகிவிட்ட நிறம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அலகு மடங்கி உட்காரும் பள்ளத்துக்குள் பார்த்தேன். வெளியே அத்தனை இருட்டாக இருந்த கத்திக்கு உள்ளே வில் புத்தம்புதிதாகப் பளபளக்கிறது. அரவைக் கல்லின் கோடுகள்கூட மாறவில்லை. ‘டக்’ ஏன் அவ்வளவு அழகாக விழுந்தது என்று அப்போது விளங்கியது. பிடியின் வலப்பக்கம், இரண்டாவது ஆணிக்கு மேலே, காற்புள்ளி வடிவில் ஒரு கரும்பள்ளம். திருப்பினால் இடப்பக்கமும் அதே இரண்டாவது ஆணிக்கு மேலே அதே காற்புள்ளி, அதே அளவு, அதே சாய்வு. கொம்பை அறுத்து எடுக்கும் இரண்டு துண்டுகளில் ஒரே வரி இருக்கவே முடியாது. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில்தான் இருக்கும்.

கடைசியாகச் சிறிய அலகு. அதன் அடியில் இருந்த முத்திரையை அரத்தால் தேய்த்திருக்கிறார்கள், முழுதாகத் தேய்க்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தபோது ‘ஸ்டெயின்லெஸ்’ என்பதன் பின்பாதி ஆவிபோல் எழுந்துவந்தது. விக்டோரியா மகாராணி இறந்தது 1901-இல். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டுபிடித்தது 1913-இல். மகாராணி கல்லறையிலிருந்து எழுந்து வந்து வாங்கிக் கொடுத்தாரோ என்னவோ. பெரிய அலகு ஒருவேளை உண்மையான பழைய அலகாகவே இருக்கலாம். உடைந்த கத்தியிலிருந்து கழற்றி, கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஆணி அடித்திருக்கிறார்கள். அதற்கு 1,450 வெள்ளி.

இனி அவருடைய பதில்கள். முதலில், “பழைய பொருள் அப்படித்தான் அண்ணே இருக்கும்.” படங்களை அனுப்பியதும், “துரையே அந்தக் காலத்தில் அலகை மாற்றியிருப்பார்.” அச்சு வார்ப்பைக் காட்டியதும், “அப்படியென்றால் எங்கள் தாத்தா பொய்யரா? இறந்தவரை இழுக்காதீர்கள்.” தாத்தாவை இழுத்துவந்தது யார்? பிறகு தொலைபேசியை ஒரு பையன் எடுக்க ஆரம்பித்தான்: முதலாளி வெளியூர், முதலாளி பூஜையில், முதலாளி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு பெருந்தன்மை: பணத்துக்குப் பதிலாக ஒரு மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துக்கொள்ளலாமாம். பிறகு, “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.” கடைசியாக மிரட்டல்: “கத்தி விவகாரம், போலீசுக்குப் போனால் உங்களுக்குத்தான் சிக்கல்.” அதோடு என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்.

மிரட்டலுக்குப் பயந்து இன்னொருவர் வாயை மூடிக்கொள்ளக்கூடாது என்பதால் சொல்கிறேன். ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், கத்தி விஷயத்தில், பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆயுதம் எடுத்துத் திரிவதையும், பொத்தான் கத்தி போன்றவற்றை விற்பதையும்தான் குற்றமாக்குகிறது. என் கத்திகள் வீட்டு அலமாரியை விட்டு வெளியே போவதில்லை. ‘திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்துவிட்டால் கடைக்காரர் தப்பிவிட முடியாது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கும் உரிமையை ஒரு ரசீது பறிக்காது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1,450 வெள்ளி, கூரியர் செலவு தனி.

இதைச் சொன்னதும் ஈப்போ நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அதே கடையில் அவர் வாங்கிய சட்டைப்பைக் கடிகாரமும் அதே துரை அதே கிராணிக்குக் கொடுத்ததாம். எத்தனை பொருளைத்தான் கொடுத்துவிட்டு அந்த மனிதர் கப்பலேறினாரோ!

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. அவசரமாக: பிடியின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். ஒவ்வொரு அலகின் அடியையும், மடங்கும் பள்ளத்தின் உட்புறத்தையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். குரல்பதிவுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவர் சொன்ன காலத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்.

கடைப் பெயர் கேட்டு யாரும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம், இப்போது சொல்லமாட்டேன். ஆனால் பினாங்கிலிருந்து யாருக்காவது ‘எங்கள் வீட்டுப் பொருள்’ என்று ஒரு ஷெஃபீல்டு ஜாக் வந்திருந்தால், பணம் போடும் முன் அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்கள். நேற்று இரவு இன்னொன்றை விளம்பரப்படுத்தியிருக்கிறார்கள். விலை 1,600 வெள்ளி, காட்டியிருப்பது வலப்பக்கம் மட்டும்.