படுவான்கரையில் காணி வாங்கிக் குடியேறலாமா?

தை, மாசியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போனால் யாருக்கும் காணி வாங்க ஆசை வரும். வயல்வட்டை முழுக்கக் கதிர், குளம் தளும்பும், கிணற்றில் குனிந்தே அள்ளலாம். தரகர்மாரும் அந்த மாதங்களில்தான் காணி காட்ட விரும்புவார்கள். வாங்குபவர் போக வேண்டியது புரட்டாசியில். வாவிக்கு மேற்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் என்னும் வறண்ட காற்று மண்ணைச் சுட்டெடுக்கும். வீடு, கிணறு, ஒரு ஏக்கர் வளவு, இரண்டு மாடு என்று இருந்து வாழ நினைப்பவருக்குப் புரட்டாசியிலும் தண்ணீர் ஊறும் காணி என்றால் இந்தப் பக்கம் தாராளமாகப் பொருந்தும். ஊறாத காணி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கிணற்றைச் சோதிப்பது எளிது. மாலையில் பம்ப் வைத்து நான்கைந்து அடி இறைத்து, நீர்மட்டத்தைக் கயிற்றில் முடிச்சிட்டுக் குறியுங்கள். மறுநாள் காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளவிடுங்கள். பத்தடி விட்டமுள்ள கிணற்றில் ஓரடி ஏறினால் ஏறக்குறைய 2,200 லீற்றர். ஒரு றூட் (கால் ஏக்கர்) மரக்கறித் தோட்டத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5,000 லீற்றர் வரை வேண்டும். அதாவது இரண்டேகால் அடி ஊற வேண்டும். உள்பக்கத்தில் அடியில் கடும்பாறை. அதன் மேலிருக்கும் உக்கிய மண் எவ்வளவு தடிப்போ அவ்வளவுதான் ஊற்று. பாறை தட்டிய கிணற்றை இன்னும் ஆழமாக்கித் தருகிறேன் என்று விற்பவர் சொல்வதில் பெரிய பயனில்லை.

வாவியோரக் காணியில் கவலை வேறு: உவர். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழ் என்றால் எந்தப் பயிருக்கும் பாதகமில்லை. 3ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பித் தோட்டம் போட வேண்டாம். இதையும் கோடை முடிவில்தான் அளக்க வேண்டும், மாரியில் உவர் மறைந்து நிற்கும். குடிப்பதற்குக் கூரைத் தண்ணீரே நல்லது. 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால், சிந்துவது போக 8,000 லீற்றர் தேறும்.

அடுத்தது யானை. வெள்ளாவெளிப் பக்கம் 37ஆம் கொலனி, 40ஆம் கிராமம் போன்ற எல்லையூர்களில் காணி பார்ப்பவர், விற்பவரின் வாயைப் பார்க்காமல் அயல் வளவைப் பார்க்கட்டும். வாழை நிற்கிறதா? தென்னம்பிள்ளையில் குருத்து இருக்கிறதா? குசினிச் சுவர் மட்டும் புதிதாகக் கட்டியிருக்கிறதா? நெல்லுக்கும் உப்புக்கும் யானை சுவரை உடைக்கும். மின்வேலி இருக்கிறது என்ற பதிலோடும் நின்றுவிடக் கூடாது. கம்பியில் கொடி தொட்டால் மின் நிலத்துக்குள் கசிந்து அடி குறைந்துவிடும். கோடையில் காய்ந்த மண்ணில் புவித்தொடுப்பு (வேலியை மண்ணோடு இணைக்கும் மின்தொடுப்பு) பலவீனப்படும், அதனால் ஈரமான இடமாகப் பார்த்து மூன்று புவிக்கம்பியாவது ஆழமாக இறக்கியிருக்க வேண்டும். வேலியோரம் யார் புல் வெட்டுகிறார்கள், மின்கலம் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேலி இல்லை என்றே கணக்கு. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பவர்களும் உண்டு. அது குற்றம், அதில் முதலில் சாவது அயலவரின் மாடாகவோ பிள்ளையாகவோ இருக்கலாம்.

வெள்ளமும் உண்டு. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் கீழ்ப்பக்க வீதிகள் மூழ்கும். 2011 தை வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊரில் கேட்டு, அதற்கு இரண்டடி மேலாக அத்திவாரத்தை உயர்த்துங்கள்.

மண் பெரும்பாலும் மணல் கலந்தது, ஈரம் பிடித்து வைக்காது. எருவும் மூடாக்கும் இல்லாமல் மிளகாய் கூடத் தலையெடுக்காது. தென்னைக்கு 26 அடி இடைவெளி, ஏக்கருக்கு 64 பிள்ளை. மூன்றடிக் குழியின் அடியில் உரிமட்டை பரப்பி, ஐப்பசி மழையோடு வையுங்கள். மூன்று கோடை தண்ணீர் ஊற்ற முடியாதவர் மரமுந்திரிகை வைப்பதே புத்தி. யானை வரும் ஓரத்துக்குத் தேசி (எலுமிச்சை).

மாடு வளர்ப்பதில் சிக்கல் பெரும்போகத்தில். வயல் அடைத்ததும் மேய்ச்சல் போய்விடும். பெரிய பட்டிக்காரர் மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் சாய்ப்பார்கள், அங்கும் 2023 முதல் மேய்ச்சல் தரைக்காகப் போராட்டம். இரண்டு மாட்டுக்காரர் கால் ஏக்கர் கோ-3 புல்லை முதலிலேயே நட்டு வைக்க வேண்டும்.

பாதை பற்றிக் குறையில்லை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலையார் வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையை நம்பியிருக்கத் தேவையில்லை. பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையும் கிட்ட. தெரிவு என்று கேட்டால், நவகிரிக் குளத்துப் பாய்ச்சல் கிடைத்து, காட்டெல்லையிலிருந்து தள்ளி இருக்கும் மேட்டுக் காணிக்கே முதலிடம். இரண்டு போகமும் செய்யலாம், வாய்க்கால் ஓடும் காலத்தில் கிணறும் ஊறும்.

முற்பணம் கொடுக்குமுன் காணி தனியாருக்குச் சொந்தமான உறுதிக் காணியா, அரசின் அனுமதிப்பத்திரக் காணியா என்று பாருங்கள். இங்கே பாதிச் சண்டை இதில்தான். 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரத்தை விற்க முடியாது. அதே சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதியோடு மட்டுமே கைமாற்றலாம். அது இல்லாமல் நொத்தாரிசு எழுதிய உறுதி செல்லாது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பாருங்கள். நில அளவையாளரை அழைத்து எல்லைக் கல்லையும், குள ஒதுக்கோ வன இலாகா எல்லையோ உள்ளே விழுகிறதா என்பதையும் அளந்த பிறகு காசை எண்ணுங்கள்.