கடற்கரை இசை இரவு: வாசலில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினால் உள்ளே போகாதீர்கள்

இந்தக் கோடை விடுமுறைக்கும் நம் ராமநாதபுரம் கரையில் பெரிய இசை இரவு ஒன்று வருகிறது. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை கம்பத்துக்குக் கம்பம் பேனர் தொங்குகிறது. குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். போன கோடையில் இதே கரையில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் எங்கள் குடும்பம் பட்ட பாட்டை எழுதுகிறேன். நடத்தியவர்கள் பெயரைப் போடவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அது முடியட்டும்.

பாட்டுக் கச்சேரியில் எந்தக் குறையும் இல்லை. பாடியவர்கள் உயிரைக் கொடுத்துப் பாடினார்கள், ஒலியமைப்பும் நன்றாக இருந்தது. என் கோபம் முழுவதும் குடிக்கிற விஷயத்தில்தான்.

ஏப்ரல் கடைசி. மாலை நான்கு மணிக்கே வாசல் திறக்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தார்கள். கச்சான் என்கிற மேல்காற்று இன்னும் எழும்பாத நேரம். கடல் பக்கத்தில் இருந்தும் காற்று விழுந்துபோய், சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். அம்மா, மனைவி, அக்கா, அக்கா மகள் எல்லோரும் போனோம். வீட்டிலிருந்தே பெரிய பாட்டில்களில் தண்ணீர் எடுத்திருந்தோம். ராமநாதபுரத்துக்காரர்கள் யாரும் வெளியே கிளம்பும்போது தண்ணீர் எடுக்காமல் கிளம்புவதில்லை.

வாசலில் நின்ற பவுன்சர் பையைத் திறந்து பாட்டில்களை வெளியே எடுத்தார்.

“தண்ணி பாட்டில் உள்ள விட மாட்டாங்கண்ணே.”

“புள்ள இருக்கு தம்பி. அம்மா மாத்திரை வேற போடணும்.”

“உள்ள எல்லாம் கிடைக்கும்ணே. பாதுகாப்புக்காகச் சொல்றாங்க.”

அவர் பக்கத்தில் ஒரு பெரிய டிரம். அதில் எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் பாட்டில்கள். மூடி திறந்திருந்த பாட்டிலில் இருந்த தண்ணீரை ஒரு பையன் மணலில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நம் மாவட்டத்தில் அதைக் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை. தோண்டினால் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்” என்று அதிகாரிகளை மிரட்டும்போது காலங்காலமாக எல்லோர் நினைப்பிலும் வந்தது நம் ஊர்தான். அந்த ஊரில் நல்ல தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, உள்ளே போய்க் காசு கொடுத்து வாங்கு என்கிறார்கள்.

உள்ளே போனதும் தெரிந்தது, காசு கொடுத்தும் வாங்க முடியாது. கையில் கட்டுகிற ஒரு பட்டை கொடுத்தார்கள். அதில் பணம் ஏற்றினால்தான் எந்த ஸ்டாலிலும் பொருள் தருவார்கள். குறைந்தது 500 ரூபாய் ஏற்ற வேண்டும். பட்டைக்கு என்று அதில் 100 ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். மிச்சம் 400. ரோஸ்மில்க் 150, அரை லிட்டர் தண்ணீர் 60. இரண்டு ரோஸ்மில்க்கும் ஒரு தண்ணீரும் வாங்கினால் 40 ரூபாய் நிற்கும். அந்த 40 ரூபாய்க்கு உள்ளே வாங்க எதுவுமே இல்லை. விலைப்பட்டியல் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், எப்படிக் கூட்டினாலும் பட்டையில் ஏதாவது தங்கிவிடும். தங்குகிற காசு ஆளுக்குக் கொஞ்சம்தான். கரையில் நின்ற கூட்டத்தோடு பெருக்கிப் பாருங்கள்.

பணம் ஏற்ற ஒரு வரிசை, பொருள் வாங்க இன்னொரு வரிசை. பணம் ஏற்றுகிற கவுண்டரில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், ஜிபேதான். அந்தக் கூட்டத்தில் டவர் எங்கே கிடைக்கும்? வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள், வேர்த்து விறுவிறுத்துப்போய் மறுபடி அனுப்புவோம். எனக்கு வங்கியில் பணம் கழிந்துவிட்டது, பட்டையில் ஏறவில்லை. “மெசேஜ் வரலைன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார், அடுத்த ஆள் வாங்க” என்றார் உள்ளே இருந்தவர். இப்படி நடந்தால் பயப்பட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதிப்படி, கடைக்குக் கட்டிய யுபிஐ பணம் கழிந்து உறுதி வராமல் போனால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் வங்கி நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் அந்த நேரத்தில் தொண்டை காய்ந்து நிற்பவனுக்கு அது உதவாது.

ஸ்டால் வரிசை அதைவிட மோசம். வரிசை என்று பெயர்தான். தடுப்புக் கம்பி இல்லை, பெண்களுக்குத் தனி வழி இல்லை. வாட்டசாட்டமான பையன்கள் பட்டை கட்டிய கையை மற்றவர்கள் தலைக்கு மேலே நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். அக்காவும் என் மனைவியும் நெரிசலில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பெரிய கூட்டத்துக்குப் பொருள் எடுத்துக் கொடுக்க ஸ்டாலுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள். அவர்களும் பாவம், முழங்கை வரை சிரப் வழிய ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பெரிய பாடகர் மேடையேறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் குடிக்க வருவார்கள் என்பது ஊர்த் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்றவர்களுக்குத் தெரியாதா?

அக்கா மகளுக்கு அங்கே கண் இருட்டிவிட்டது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முதலுதவி எங்கே என்று கேட்டால் ஒருவர் மேடைப் பக்கம் கை காட்டுகிறார், இன்னொருவர் வாசலைக் காட்டுகிறார். கடைசியில் காப்பாற்றியது பக்கத்தில் நின்ற கீழக்கரைக் குடும்பம். குழந்தைக்கு என்று ஒளித்துக் கொண்டுவந்திருந்த தண்ணீரை அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். “புள்ளைக்குக் கொடுங்க தம்பி, அப்புறம் பேசலாம்” என்றார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன 5 பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. வெயிலும் நெரிசலும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ஜனங்கள் தவித்ததும் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. 1999 ஜூலையில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவிலும் இதே கதை. கொளுத்துகிற வெயிலில் தண்ணீர் பாட்டில் 4 டாலர், இலவசக் குழாய்களில் தீராத வரிசை, கடைசி இரவில் கலவரமும் தீ வைப்பும். அதே உலகத்தில்தான் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் விற்பதையே 2019-இல் நிறுத்திவிட்டு, திடல் முழுக்கக் குழாய் போட்டு இலவசமாகத் தண்ணீர் தருகிறது. மனம் இருந்தால் செய்ய முடிகிற காரியம்.

ஐஸைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டாலுக்குப் பின்னால் ஒரு லோடு ஆட்டோ நின்றது. சாக்கில் சுற்றிய நீள நீளமான ஐஸ் பார்களை இறக்கி, தரையில் விரித்த தார்ப்பாயில் போட்டு உடைத்தார்கள். எங்கள் வீட்டில் படகு இருந்தது. மீன் பெட்டிக்குப் போகிற ஐஸைப் பார்த்தால் எனக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் ஐஸ் பிளாண்டுகளில் வியாபாரம் படுத்துக் கிடக்கும், ஐஸ் மலிவாகக் கிடைக்கும். அதுதான் ரோஸ்மில்க்கிலும் சர்பத்திலும் விழுந்தது என்பது என் உறுதியான எண்ணம். மீனைக் கெடாமல் வைக்கிற ஐஸைக் குடிதண்ணீரில் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. மறுநாள் எங்கள் வீட்டில் ரோஸ்மில்க் குடித்தவர்களுக்கு மட்டும் வாந்தி, வயிற்றுப்போக்கு. குடிக்காத அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் உடைத்த ஐஸ் போட்ட எதையும் பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள். சீல் உடையாத பாட்டில் மட்டும் வாங்குங்கள். சாயல்குடிப் பக்கத்துப் பதநீரும் நுங்கும் கிடைக்கிற பருவத்தில், அந்தப் பனையேறிகளில் நாலு பேரைக் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தால்கூட ஜனங்களுக்கு வயிறும் குளிர்ந்திருக்கும், அவர்களுக்கும் நாலு காசு கிடைத்திருக்கும்.

கூடுதல் விலை டிக்கெட் எடுத்தவர்களுக்கு வேறு விதமான ஏமாற்று. “அன்லிமிடெட் டிரிங்ஸ்” என்று விளம்பரம். பார் இருக்கும் என்று நம்பி மதுரையிலிருந்து வந்த பையன்களுக்கு உள்ளே கிடைத்தது ஆளுக்கு இரண்டு கப் கூல்டிரிங்க்ஸ். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக்கிடம்தான் இருக்கிறது. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் நினைத்தவுடன் பார் போட முடியாது, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் உரிமம் வேண்டும். 21 வயது ஆகாதவர்களுக்குக் கொடுக்கவும் கூடாது. உரிமம் இருக்கிறதா என்று கேட்காமல் அப்படிப்பட்ட டிக்கெட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். இதைவிட ஆபத்தான ஒன்று ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நடந்தது. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் எதையோ ஊற்றி இருட்டில் விற்றுக்கொண்டிருந்தார்கள், ஏமாந்த பையன்கள் வாங்கினார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. சீல் இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. தம்பிகளே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அதைத் தொடாதீர்கள்.

மிச்சப் பணத்தை அன்றே வாசலில் திருப்பிக் கொடுப்பார்கள் என்று உள்ளே நுழையும்போது சொன்னார்கள். நிகழ்ச்சி முடிந்தபோது அந்தக் கவுண்டரில் விளக்கே இல்லை. செயலியில் கேளுங்கள் என்றார்கள். செயலியில் கேட்டால் பிடித்தக் கட்டணம் போக மீதி வரும் என்று பதில். அந்தக் கட்டணம் என் மீதிப் பணத்தைவிட அதிகம். தொலைபேசியில் கிடைத்த ஒருவர் “டிக்கெட் விதிமுறையிலேயே இருக்கு சார், நீங்க படிச்சிருக்கணும்” என்றார். விதிமுறை என்று எதையாவது எழுதிவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது.

பாட்டிலில் அச்சடித்த எம்ஆர்பி என்கிற உச்ச விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக்கூடாது என்று பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எங்களுக்குக் கொடுத்த பாட்டில்களில் விலை இருந்த இடம் சுரண்டப்பட்டிருந்தது. அதுவே ஒரு சாட்சி, படம் எடுத்து வைத்தேன். ஓட்டல்கள் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதை எடுத்துக்காட்டுவார்கள். அது உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல், உணவக வழக்கு. மணலில் நின்று முண்டியடித்து வாங்குகிற பாட்டிலுக்கு அது பொருந்தாது என்பதுதான் எங்கள் வாதம். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர வேண்டாம் என்று சொல்லத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திறந்தவெளித் திடலில், வெயிலில், மணிக்கணக்கில் நிற்க வைப்பவர்களுக்கு அந்தக் கடமை இன்னும் அதிகம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: தண்ணீர் கொண்டுவரலாமா, இல்லையென்றால் இலவசக் குழாய் எங்கே, மீதிப் பணம் எப்போது திரும்பும். எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் சொல்லாதவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். வாசலில் பாட்டிலைப் பிடுங்கினால் அங்கேயே நின்று காணொளி எடுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் மருத்துவச் சீட்டைக் காட்டுங்கள். உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் பில் கேளுங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். யாருக்காவது மயக்கம் வந்தால் அவர்களுடைய முதலுதவிக் கூடாரத்தைத் தேடி அலையாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

போன கோடையில் அங்கே இருந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பணம் ஏற்றிய குறுஞ்செய்தி, சுரண்டிய பாட்டிலின் படம், டிக்கெட் எதையும் அழிக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகாரைப் பதியலாம். எம்ஆர்பி மீறலைத் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் தனியாகக் கொடுக்கலாம். ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகப் போகவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 40 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள், வாருங்கள், சேர்ந்து போடுவோம்.